பத்து விரல்

முன்னால் நின்ற காரிலிருந்து இறங்கிய பெண் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஊசி இருக்கா? எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு நெஞ்சுல நின்னுடுச்சு."

சுசோக் அறுவடைப் பண்டிகையின் படையல் முடித்த கையோடு பாதி நாடு சியோலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மதியம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமாக எந்தச் சக்கரமும் உருளவில்லை. அந்த நெரிசலில் ஊசி கிடைக்கும் என்று அவள் நம்பியதில் தவறில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போய் வருகிற பெண்களில் பாதிப் பேரின் கைப்பையில் ஊசியும் நூலும் இருக்கும். சாப்பாடு செரிக்காமல் நின்றுவிட்டால் கட்டை விரலை நூலால் இறுக்கி, நகத்துக்குக் கீழே ஒரு குத்து. கறுப்பாக ஒரு சொட்டு ரத்தம் வரும், கூடவே ஏப்பமும் வரும்.

கும்சூன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவன் மான்சோக்குக்கு விரல் நுனிகள் கூசின. அன்று காலையில் குத்துப்பட்ட விரல்கள் அவை.

பதினோரு வருடங்களுக்கு முன் அவனுடைய அண்ணி ஒரு சட்டம் போட்டாள். சமைப்பது மருமகள்கள் என்றால் பாத்திரம் கழுவுவது மகன்கள். முன்னோருக்குப் படைத்த பாத்திரங்களே ஒரு குவியல், சாப்பிட்டவை இன்னொரு குவியல். அந்த வருடத்திலிருந்து மான்சோக்குக்கு, கடைசிக் கொழுக்கட்டை உள்ளே போன மறுநிமிடமே சாப்பாடு நின்றுவிடும்.

கும்சூன் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. முதுகைத் தட்டி, கையை நீவிவிட்டு, பொறுமையாகக் குத்துவாள். உன் கைராசி யாருக்கு வரும் என்று சொல்லிவிட்டு அவன் போர்வைக்குள் போய்விடுவான்.

முதல் வருடம் ஒரு கட்டை விரல். அப்புறம் இரண்டும். போன வருடம் ஆறு விரல். இன்று காலை பத்தும். வயதாக ஆக உங்களுக்கு நோய் முற்றிக்கொண்டே போகிறதே என்று அவள் வருத்தப்பட்டபோது, இப்படி ஒருத்தி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று அவன் நெகிழ்ந்துதான் போனான்.

அவனும் இறங்கிப் போனான்.

சாலையோரத் தடுப்பில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் மனைவி முதுகை நீவிக்கொண்டே, நாலு கொழுக்கட்டை போதும்னு சொன்னேனே என்று அழுதாள்.

மான்சோக்குக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சாப்பாடு நின்றுபோனவன் எங்கே பிடித்துக்கொள்வான், எப்படி முனகுவான் என்பதில் அவனுக்குப் பதினோரு வருட அனுபவம். இந்த ஆள் முனகவே இல்லை. முனகுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. அந்த வியர்வையை யாராலும் நடித்து வரவழைக்க முடியாது. இது வயிறு இல்லை, இதயம்.

கும்சூன் கைப்பைக்குள் கையை விட்டாள்.

அவள் ஆரம்பித்தால் பத்து விரலும் குத்தாமல் ஓயமாட்டாள். அதற்குள் இந்த ஆள் போய்விடுவார். ஊசி வேலைக்கு ஆகாது என்று சொல்லலாம். ஆனால் வருடா வருடம் நீங்கள் எப்படிக் குணமானீர்கள் என்று அவள் கேட்பாளே. மான்சோக்குக்கும் வியர்த்தது.

அந்த ஆளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"குத்தாத, கும்சூன்." அவன் குரல் நாலு காருக்குக் கேட்டது. "அந்த ஊசியால ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒரு வருஷம்கூடச் சாப்பாடு நின்னதே இல்ல. பாத்திரம் கழுவப் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன்."

முன்னும் பின்னும் கண்ணாடிகள் இறங்கின. ஒரு காரில் யாரோ ஒருத்தி தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கணவன் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினான்.

கும்சூன் திரும்பவில்லை. அவள் காதில் கைபேசி இருந்தது. சாலையோரக் கம்பத்தின் எண்ணை ஆம்புலன்ஸ்காரர்களுக்கு நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். மறு கையால் அந்த ஆளின் பெல்ட்டைத் தளர்த்தி, முழங்காலை மடக்கி வைத்தாள்.

"வேடிக்கை பாக்காதீங்க. ஓரமா நிக்கிற காரையெல்லாம் உள்ள தள்ளி நிறுத்தச் சொல்லுங்க, வண்டி வரணும்."

அவன் ஓடினான். ஒவ்வொரு காராகத் தட்டி, கும்பிடாத குறையாகக் குனிந்து கெஞ்சினான். ஓரத்தில் வழி திறந்தது.

பதினான்கு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தவர், நல்ல நேரத்தில் கூப்பிட்டீர்கள் என்றார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்த ஆள் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார்.

கார்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. இரண்டு கிலோமீட்டர் தாண்டியது. பிறகு மான்சோக் தாங்க முடியாமல் கேட்டான்.

"பையில ஊசி இருந்துச்சுல்ல, ஏன் குத்தல?"

"அவருக்கு நெஜமாவே உடம்பு முடியலையே."

ஸ்டீயரிங்கின் மேல் இருந்த தன் பத்து விரல்களையும் மான்சோக் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கும்சூன் கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் கால் விரல்ல ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."