இன்ஜினும் ஹாரனும்

"வேலை செய்யறது பூரா நான் எழுதின சி பிளஸ் பிளஸ்தான் சார். அது இன்ஜின். இவ எழுதின பைத்தான் அதைக் கூப்பிட்டு விடும், அவ்வளவுதான். வெறும் ஹாரன்!" என்றார் கணவர், போட்டோ ஸ்டுடியோ முதலாளியிடம்.

மனைவி பென்டிரைவைச் செருகினாள். இருவரும் சேர்ந்து எழுதிய அந்தப் புரோகிராம், மங்கலான போட்டோக்களைப் பளிச்சென்று ஆக்கும். முதலாளியிடம் இருந்ததோ விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று மூன்று விதக் கம்ப்யூட்டர்கள். மூன்றிலும் ஓடினால்தான் ஆர்டர்.

விண்டோஸில் ஒரு ஆல்பம் முழுவதும் மளமளவென்று பளிச்சிட்டது.

"அடேங்கப்பா!" என்றார் முதலாளி.

"இன்ஜின் சார், இன்ஜின்!" கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

லினக்ஸிலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கணவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மேக்கில் முதல் போட்டோவிலேயே புரோகிராம் சிக்கிக்கொண்டது. எதைத் தட்டியும் அசையவில்லை. முதலாளியின் முகம் மாறியது.

கணவர் மனைவி மேல் பாய்ந்தார். "மானத்தை வாங்கிட்டியே! மத்த ரெண்டுலயும் என் இன்ஜின் எவ்வளவு ஜோரா ஓடிச்சு!"

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கம்பைல் பண்ணிக் கொடுங்க, ஒண்ணுக்குப் பண்ணினது இன்னொண்ணுல ஓடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க உங்க மேக்ல பண்ணினதை மட்டும்தான் கொடுத்தீங்க."

"அதனால என்ன?"

"இன்ஜின் கிடைக்கலைன்னா எல்லா வேலையையும் பைத்தானே பார்த்துக்கற மாதிரி எழுதி வெச்சிருந்தேன். அந்த ரெண்டுலயும் ஓடினது என் ஹாரன்தாங்க. உங்க இன்ஜின் இருக்கறது இது ஒண்ணுலதான்!"