பர்னர் திருடன்

"நாடின்! இங்க வா. பர்னரைக் காணோம்!"

கேரேஜிலிருந்து வெண்டல் ப்ரூயிட் போட்ட சத்தத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"நல்லாத் தேடினியா?"

"தேட என்ன இருக்கு? நேத்து இதே மேஜைமேலதான் வெச்சேன். போன வாரம் குமிழ் போச்சு. அதுக்கு முன்னாடி கம்பித் தட்டு. எவனோ உள்ள வந்துட்டுப் போறான்!"

எல்லாம் கல்யாணமான புதிதில் வாங்கிய, தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடும் கேஸ் கிரில்லின் பாகங்கள். செய்த கம்பெனியை இழுத்து மூடியே எத்தனையோ வருஷமாகிறது. அயோவா மாநிலத்தில் இருக்கிற காயலான் கடை ஒன்று விடாமல் போன் போட்டு, ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்திருந்தார் வெண்டல். துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, பூட்டிப் பூட்டிப் பார்ப்பதுதான் இப்போது அவருடைய முழுநேர வேலை.

போன அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டார். குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கடைசியில் இந்த கிரில்தான் அவரை எழுப்பியது. இடது கையை மட்டும் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு பாய்ட் லாசிட்டர் வந்தார். கையில் ஒரு பர்னர்.

"பழைய சாமான் சந்தையில கிடந்துச்சுடா. உன் கிரில்லுக்குச் சேரும்னு தோணிச்சு. வெச்சுக்கோ."

வெண்டல் அதைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீறல். உப்புத்தாள் வழுக்கி, அவரே போட்ட கீறல்.

"எந்தக் கடையில?"

"ஏதோ ஒரு கடை. யாருக்கு ஞாபகம்?" பாய்ட் நிற்காமல் போய்விட்டார்.

"நாடின், இது என் பர்னர்."

"பழைய பர்னர் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"கீறல்கூடவா?"

நாடின் சூப்பைக் கிளறினார்.

வெண்டலுக்குத் தலை சுற்றியது. திருடுகிறவன் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? கொடுக்கிறவன் எதற்குத் திருட வேண்டும்? பாய்டுக்குப் பைத்தியமா? இல்லை, பக்கவாதம் தன் மூளையையும் பிடித்துக்கொண்டதா? அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை.

அடுத்து மூடியின் கீல் காணாமல் போனது. கொஞ்ச நாளில், "ஒரு சிநேகிதன் கொடுத்தான்டா" என்று பாய்டே கொண்டுவந்தார். அதே கீல். வெண்டல் பூசிய கறுப்பு பெயின்ட்கூட அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வெண்டல் எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டார்.

"இந்த பாய்ட் ஒரு திருடன்! என் கேரேஜ்ல கை வைக்கிறான்!"

பாய்டின் முகம் சிவந்தது. நாடினை ஒரு தரம் பார்த்தார். திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம், எத்தனையோ காலமாக பாய்ட் ஏந்திவந்த காணிக்கைத் தட்டு வேறொருவர் கையில் இருந்தது. பாய்ட் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னானா?" காரில் வரும்போது கேட்டார் வெண்டல்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த நாடின் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

'அவன் திருடினதுக்கு இவ ஏன் அழறா?' அதுவும் வெண்டலுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்கு நடந்துபோனவர், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார். கேரேஜின் பக்கக் கதவு திறந்திருந்தது.

உள்ளே பாய்ட், கிரில்லுக்கு அடியில் குனிந்து பர்னரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாடின், டார்ச் பிடித்துக்கொண்டு!

என்ன ஏது என்று யோசிக்கத் தோன்றவில்லை. வெண்டல் பாய்ந்துபோய் விட்டார் ஒரு குத்து. பாய்டின் உதடு கிழிந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் பாக்குறீங்களா?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்!" நாடின் குறுக்கே வந்து நின்றார். "ஈஸ்டர் அன்னைக்கு வேலை முடிஞ்சுதுன்னியே, ஞாபகம் இருக்கா? மறுநாளே திரும்பவும் சுவரைப் பாத்துப் படுத்துட்டே. சாப்பிடக்கூட எழுந்திருக்கல. எனக்கு வேற வழி தெரியல வெண்டல். ஏதாவது பாகம் குறைஞ்சா நீ திரும்ப எழுந்து வருவேன்னுதான் இவனைக் கெஞ்சிக் கேட்டேன்."

"அப்புறம்... சர்ச்ல நான் அப்படிச் சொன்னப்போ?"

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்னு அழுதேன். இவன்தான் விடல. 'தெரிஞ்சா வெண்டல் கிரில்லைத் தொடமாட்டான், என்னைத் திருடன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க'ன்னான்."

நாடின் விம்மி விம்மி அழுதார்.

பாய்ட் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அழாதே நாடின். எந்தக் கையால குத்தினான்னு முதல்ல அவனைப் பாக்கச் சொல்லு."