டெய்லர் அக்காவின் கம்ப்யூட்டர்

"அக்கா, அவகிட்ட சொல்லுங்க. என் கையில இருக்கிற ரேம்ல ஒரு கோளாறும் இல்ல."

சொன்னது கணவன். 'அவ' என்றது அவன் மனைவியை. இருவருக்கும் நடுவே மிஞ்சிப்போனால் மூன்றடி தூரம் இருக்கும். ஒரே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, ஒரே நீள மேசை. இந்தக் கோடியில் அவன், அந்தக் கோடியில் அவள், நடுவே முக்காலியில் பக்கத்துக் கடை டெய்லர் அக்கா.

டெய்லர் அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். "உன் வீட்டுக்காரர் கையில இருக்கிறது நல்லா இருக்காம்மா."

"எனக்கும் காது இருக்கு. என் கையில இருக்கிறதும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. நாலு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன்."

பதினோரு நாளாக இதே கூத்துதான். "மதர்போர்டு வேலையை என்கிட்ட குடுங்க சார், இவ தூசி தட்டத்தான் லாயக்கு" என்று ஒரு கஸ்டமர் முன்னால் அவன் வாயை விட்டுவிட்டான். அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவனுக்கும் வீம்பு. 'ஸ்க்ரூடிரைவர் எங்கே' என்பதில் இருந்து 'சாப்பாடு ஆறுது' என்பது வரைக்கும் எல்லாம் டெய்லர் அக்கா வழியாகத்தான் போய் வந்தது. பாவம், அவள் ஒரு சட்டைக்குக் கை பொருத்துவதற்குள் இவர்கள் இரண்டு தடவை கூப்பிட்டுவிடுவார்கள்.

இன்றைக்கு மேசைக்கடியில் ஒரு பயணப்பை வேறு. ஐந்து மணி பஸ்ஸில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். திரும்பி எப்போது வருவாள் என்று கேட்க அவனுக்குத் துடிப்புதான். ஆனால் அதை மட்டும் அக்காவைவிட்டுக் கேட்க முடியவில்லை. மணி நாலாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்தா டெய்லர் அக்காவின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண வேண்டும்? போன வாரம்தான் இவர்கள் புது மதர்போர்டும், அதற்குப் பொருத்தமாகப் புது ரேம் இரண்டும் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு எம்பிராய்டரி டிசைனைத் திறந்தால் போதும், திரை நீலமாகி, அணைந்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறது.

பேச்சுவார்த்தை இல்லாததால் இருவரும் வேலையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ரேமைக் கழற்றி, அவரவர் கோடியில் இருந்த டெஸ்ட் போர்டில் மாட்டிப் பார்த்தார்கள். தனித்தனியாக இரண்டும் தங்கமாக ஓடின. அக்காவின் கம்ப்யூட்டரில் சேர்த்து மாட்டினால் மட்டும் நீலம்.

"போர்டே கெட்டிருக்குமோன்னு கேளுங்கக்கா."

"போர்டு மாட்டினது அவரு. அவரையே கேட்டுக்கச் சொல்லுங்க."

"நீதான் மாட்டினியாம்ப்பா."

"காதுல விழுந்துச்சுக்கா!"

"விழுந்துச்சுல்ல? அப்புறம் எதுக்குடா என் உயிரை வாங்கறீங்க?" டெய்லர் அக்கா எரிந்து விழுந்தாள். "ஆளுக்கு ஒண்ணை வச்சுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்தா என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்களேன்!"

மனைவி எழுந்தாள். பதினோரு நாளில் முதல் தடவையாக அந்த மூன்றடியைக் கடந்து வந்து, கையை நீட்டினாள். அவன் ரேமை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் இரண்டையும் விளக்கடியில் பிடித்து ஸ்டிக்கரைப் படித்தாள்.

"வேகம் வேற வேற."

அக்காவிடம் சொல்லவில்லை. நேராக அவனிடமே சொன்னாள்!

"என்னது?"

"என்கிட்ட இருந்தது மூவாயிரத்து அறுநூறு. உங்ககிட்ட இருந்தது ரெண்டாயிரத்து நானூறு. போர்டு செட்டிங்ல நீங்க மூவாயிரத்து அறுநூறுன்னு வச்சிருப்பீங்க. இது அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம விழுது."

"அட ஆமா! எனக்கு இது தோணவே இல்லையே." அவன் ரேமைப் புரட்டிப் பார்த்தான். "ஆனா இதை யாரு மாட்டினது?"

அவன் கண் பயணப்பைக்குப் போய், கடிகாரத்துக்குப் போய், அவள் முகத்துக்கு வந்தது.

"நான்தான்" என்றான். "அன்னைக்கு இருந்த கோபத்துல அலமாரியில இருந்து எதையோ எடுத்து மாட்டிட்டேன் போல. உன்னைத் தூசி தட்ட லாயக்குன்னேன். அதுவும் என் தப்புதான். கஸ்டமர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு. போகாதேயேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இல்லைங்க, மூடுறதுக்கு முன்னாடி கடைசியா பார்த்தது நான். நான்தான் மாத்தி மாட்டியிருப்பேன்."

"இல்லம்மா, நான்தான்."

"அட, நான்னு சொல்றேன்ல!"

"இதுக்கும் ஒரு சண்டையா? சாமி, ஆளை விடுங்க!" என்றாள் அக்கா.

அலமாரியில் இருந்து சரியான ரேமை மனைவி எடுத்துத் தந்தாள், அவன் மாட்டினான். டிசைன் திறந்தது. ரோஜாப்பூ ஒரு இதழ் குறையாமல் திரையில் வந்தது.

"மணி அஞ்சாயிடுச்சே, உன் பஸ்?" என்றான் பயந்தபடி.

"போனா போகட்டும்" என்று பயணப்பையைக் காலாலேயே மேசைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினாள்.

டெய்லர் அக்கா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, பொத்தான் டப்பாவைத் திறந்து விரலால் துழாவினாள். காலையில் அவளே கழற்றி, அந்த இடத்தில் தன் பழைய ரேமை மாட்டிவிட்டு, ஒளித்து வைத்திருந்த புது ரேம் அடியில் பத்திரமாக இருந்தது. "இதோட வேற ரேம் எதையும் சேர்த்துடாதீங்கக்கா, மக்கர் பண்ணும்" என்று போன வாரம் அவன்தானே சொல்லிக் கொடுத்தான்! கடையில் இருந்து புதிதாக எடுத்துப் போட்ட ரேமுக்கு ஈடாக ஆளுக்கொரு சட்டை தைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, டப்பாவில் இருந்ததை மறுபடி பொத்தான்களுக்கு அடியில் தள்ளி மூடினாள்.

அடுத்த சண்டைக்கு ஆகும்.