கள்ளியில் கிடந்த சட்டை

வீரணன் ஒரு கிழட்டுச் சாரைப்பாம்பு. ஒரு நாள் மதியம் அது தன் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, கள்ளிச்செடியில் சிக்கிக் கிடந்த வேறொரு சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சளாக மினுங்கிய அந்தச் சட்டை, போன மழையில் காணாமல்போன ஓர் இளம் பெண்பாம்புடையது.

“வயசுக்குத் தகுந்தாப்பல உடுத்தக் கூடாதா?” என்றது அதன் நண்பன் உடும்பு. “அதுவும் பொம்பளைச் சட்டை.”

“எத்தனையோ சட்டை உரிச்சிட்டேன். ஒண்ணுகூட என்னுதுன்னு தோணல. இதைப் பார்த்ததும் தோணுச்சு.”

வீரணன் மெல்ல உள்ளே நுழைந்தது. காய்ந்த சட்டை சரசரக்கவில்லை. ஈரமாகி, உடம்போடு ஒட்டி, மூச்சு விடத் தொடங்கியது. உடும்பு நாக்கை நீட்டி மோந்து பார்த்தது. நண்பனின் வாடையே இல்லை.

“கழட்டிடு வீரணா. எனக்குப் பயமா இருக்கு.”

பாம்பு வாய்க்கால் பக்கம் விறுவிறுவென்று ஊர்ந்து போனது. உடும்பு பின்னாலேயே ஓடியது. கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இளம் பாம்புகள் அதைச் சூழ்ந்துகொண்டன.

“இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?”

“ஒரு கிழவன் உடம்புக்குள்ள மாட்டிக்கிட்டேன்,” என்றது அது, இளம் குரலில். “இப்பத்தான் வெளிய வர முடிஞ்சது.”