பதினாலாம் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் தவறி, மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வீரலட்சுமி, பொது விஞ்ஞானப் புத்தகத்தின் பதினாலாம் பாடத்தை உரக்க வாசித்தாள். ஏலக்காயில் காம்பு கிள்ளியபடி தாய் மொக்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மலைக்காய்ச்சல் கொசுக்கடியால் வருவது. கொய்னா மாத்திரை கொடுத்தால் குணமாகும்.”

மொக்கம்மாளின் கை நின்றுபோயிற்று. போன வருசம் புருசனுக்கு வந்த மலைக்காய்ச்சலுக்கு அவள் மலைச்சாமிக்குச் சேவல் அறுத்திருந்தாள். மூன்றாம் நாளே தாலியும் போயிற்று.

“கொய்னாவா? அது போடி டவுன் கடையிலயே கெடைக்குமேடி. இந்தப் புஸ்தகம் உங்கய்யா போனப்புறம் வாங்குனதா?”

“இல்லாத்தா, அதுக்கு முந்தியே வாங்குனது. அய்யா காய்ச்சல்ல கெடந்தப்ப தலைக்கு அடியில அண்டக் குடுத்தோமே, இதுதான்.”

“அப்ப ஏண்டி வாசிக்கலை?”

வீரலட்சுமி பாடத்தின் தலைப்பில் விரல் வைத்தாள்.

“அந்த வருசம் பரீட்சைக்கு இந்தப் பாடம் வராதுன்னு வாத்தியார் நடத்தாம விட்டுட்டாரு, ஆத்தா.”