கரடி விடுகிறவன்

மலைப்பாதை ஓரத்துப் புதரில் ஒரு தாய்க்கரடி இருந்தது. போன கோடையில் அதன் குட்டி யாரோ வைத்த கூண்டில் மாட்டி, ஜீப்பில் போனது போனதுதான்.

அன்று மலையேற வந்த கூட்டத்தில் ஜெகன் என்று ஒருவன், "போன தடவை இந்தப் புத்துகிட்டதான் கரடியைப் பாத்தேன்" என்றான்.

"சும்மா கரடி விடாதடா!" என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.

தாய்க்கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்து மந்தியைப் பார்த்து, "அக்கா, அவன் கரடி விடுறவனாமே! கரடியை எங்க வச்சிருப்பான்?" என்று கேட்டது.

"முதுகுல பை இருக்கு. ஆனா அதுலேருந்து பிஸ்கட்தான எடுத்தான்?" என்று மந்தியும் குழம்பியது.

"விடாதேன்னு ஏன் தடுக்கறாங்க? விட்டா இவங்களுக்கு என்ன?"

"அதான் எனக்கும் புரியல."

கேட்டே விடுவோம் என்று கரடி பாதைக்கு வந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்த ஜெகன் நிமிர்ந்தான். பையைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

கரடி பையைக் கவிழ்த்துக் கொட்டியது. பிஸ்கட் இருந்தது, குட்டி இல்லை.

அதற்குள் வளைவுக்கு அப்பால் ஜெகன் அலறினான். "சத்தியமா கரடிடா! பையைப் பிடுங்கிடுச்சு!"

"பாருடா, மறுபடியும் கரடி விடுறான்!"

"கேட்டியா அக்கா, விடுறானாம்!" என்றது கரடி.

கரடி ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் குட்டிக்கென்று ஓரமாக ஒதுக்கிவிட்டு, வளைவைப் பார்த்தபடி பாதை நடுவே உட்கார்ந்துகொண்டது.