துருக்குழிக்குள் கிரீடம்

பழைய ராணுவக் கைத்துப்பாக்கியை வாங்க வந்தவர், குழலின் மேலிருந்த கிரீட முத்திரைமீது லென்ஸைப் பிடித்தார். துப்பாக்கி செய்த நாளிலேயே சுட்டுப் பார்த்துக் குத்தும் முத்திரை அது. இதையோ கடை முதலாளி கலியமூர்த்தி சொல்லி, கடைப்பையன் சங்கிலி போன வாரம்தான் குத்தியிருந்தான். இப்போது அவன் முதலாளியின் பின்னால் நின்றிருந்தான். பிடிபட்டால் ஜெயில்.

"இந்தத் துருக்குழி?"

"நூறு வருஷத் துருங்க சார்," என்றார் கலியமூர்த்தி பெருமையாக. "இதெல்லாம் இப்ப எவனால பண்ண முடியும்?"

"முத்திரை?"

"அது குழல் புதுசா இருந்தப்பவே குத்துனது."

"அப்ப துரு முத்திரையத் தின்னிருக்கணுமே. கிரீடத்தோட ஒரு கால் குழிக்குள்ள எறங்கி, அடியில பளிச்சுனு நிக்குது."

முத்திரை முழுசாக விழவேண்டுமென்று சங்கிலி அந்தப் பள்ளத்தில் இன்னொரு அடி ஓங்கிப் போட்டிருந்தான்.

கலியமூர்த்தி சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் திரும்பினார். "ஏன்டா சங்கிலி, இத எவன்கிட்டடா வாங்கிட்டு வந்த? என்னையே ஏமாத்திட்டியேடா!"

வந்தவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். லென்ஸை வைக்கவில்லை.

"தம்பி, கையக் காட்டு."

முத்திரை குத்தும்போது சுத்தியல் தவறி விழுந்து, சங்கிலியின் இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. கைகளைப் பின்னால் கட்டியபடியே அவன் முதலாளியைப் பார்த்தான்.

"காட்டேன்டா," என்றார் முதலாளி.